பாப்பம்மாக்கா பொரித்த வெங்காரம்

பாப்பம்மாக்காவைப் பத்தி யாராவது குறை சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துரும். வாய் நீளம், பட்டறையில எல்லாரையும் விரட்டும், எல்லாம் நெசந்தான். ஆனா இன்னைக்கு என் மக சுவாதி ஓடியாடித் திரியுதுன்னா அதுக்கு அந்தப் பொம்பளதான் காரணம்.

அக்காவுக்கு ஊர் ஜவளகிரி. காட்டோரத்துல கூலிக்குப் போயிட்டிருந்தது, எட்டு வருசத்துக்கு முன்னாடி ஓசூர்ல எங்க பட்டறைக்குப் பெருக்குற வேலைக்கு வந்துச்சு. பார்த்துப் பார்த்தே பிரேசிங் கத்துக்கிச்சு. செம்புக் குழாய் ரெண்டை ஒட்டணும்னா சூடேத்தி போராக்ஸ் தூளைத் தூவணும். அது பொரிஞ்சு எழும்பி, அப்புறம் அடங்கி, தீ ஓரத்துல பச்சை காட்டி, கண்ணாடியா உருகிப் படரும். செம்பு கறுக்காமக் காக்கும். அப்புறந்தான் பித்தளைக் கம்பி தண்ணியா ஓடி உள்ள எறங்கும். கோவில்பட்டியில இருந்து வந்த எனக்கு அந்த ஒட்டுகளைச் சோதிக்கிற வேலை. அக்கா போட்ட ஒட்டுல காத்து கசிஞ்சு நான் பார்த்ததில்ல.

சுவாதிக்கு அப்ப அஞ்சு மாசம். நாக்கெல்லாம் வெள்ளையாப் புண்ணு. பால் குடிக்காம அழுது அழுது தொண்டையே கட்டிருச்சு. போன்ல எங்கம்மா, "வெங்காரத்தப் பொரிச்சு, தேன்ல கொழச்சுத் தடவுடி. உனக்கும் அப்படித்தான் செஞ்சேன்"னு சொன்னா. நாட்டு மருந்துக் கடையில வாங்கிட்டேன். பொரிக்கத்தான் யோசனை. வீட்டுல இருக்குறதே ஒரு சட்டி, அதுவும் பாழாப் போயிருமேன்னு. சரி, அக்காகிட்ட கேஸ் டார்ச் இருக்கேன்னு பட்டறைக்கே கொண்டு போனேன். என் புத்தி போன போக்கைப் பாருங்க!

சாப்பாட்டு நேரத்துல பொட்டலத்தை நீட்டி, "பாப்பாவுக்கு மருந்துக்கா, கொஞ்சம் பொரிச்சுக் குடு"ன்னேன்.

"நல்லாருக்கு போ! வைத்தியர் வேலையும் இனிமே நாந்தான் பாக்கணுமா?"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே இரும்புக் கரண்டியில கொட்டித் தீயைக் காட்டுச்சு. தூள் அரிசிப் பொரியாட்டம் பொங்குச்சு. "போதும்க்கா"ன்னேன். அக்கா தீயை எடுக்கல. பொங்குனது அடங்கி, உருகி, கண்ணாடி முத்தா நின்னுச்சு. தீயோட ஓரத்துல பச்சை தெரிஞ்சுது. அக்கா முகத்துல சிரிப்பு போயிருச்சு.

"ஜெயமணி, இது நம்ம போராக்ஸு."

"இல்லக்கா, வெங்காரம். எங்கம்மா சொன்னா..."

"பேரு என்னவோ இருக்கட்டும்டி. தெனம் உருக்குறவளுக்குத் தெரியாதா? தடவிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

'வாயில் படக் கூடாது, குழந்தைகளுக்கு ஆபத்து'ன்னு பட்டறையில போராக்ஸ் டிரம்முல தமிழ்லயே ஒட்டியிருக்கு. நானே நூறு தடவை படிச்சிருக்கேன்.

அக்கா கரண்டியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "எங்க ஊர்ல இத பிளிகாரம்பாங்க. என் மூத்தவனுக்குக் கைக்கொழந்தையில ஒரு வாரம் தடவினேன். பொரிச்சு, தேன்ல கொழச்சு. வலிப்பு வந்து போயிட்டான். காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

வீட்டு அடுப்புல அது பொரியுமே தவிர உருகாது. அதான் அக்கா இத்தனை வருசம் அந்த டிரம்முல அள்ளியும் ரெண்டும் ஒண்ணுன்னு தெரியல.

நான் அழுதேன். அக்கா அழல. சூப்பர்வைசர் கமலக்கண்ணன்கிட்ட, "நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்"னு சொல்லுச்சு, லீவு கேக்கல. வீட்டுல என் வீட்டுக்காரர் மடியில கெடந்த புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினோம்.

டாக்டரம்மா பார்த்துட்டு, "பூஞ்சைதான், சொட்டு மருந்துல சரியாயிரும்"னாங்க. ஒரு வயசு வரைக்கும் தேனும் ஆகாதுன்னு என்னைத் திட்டினாங்க. சாமி, இன்னும் நாலு திட்டுங்கன்னு இருந்துச்சு எனக்கு. எழுந்துட்டேன். அக்கா எழல.

"டாக்டர், பிளிகாரம், அதான் இந்தப் போராக்ஸு, தடவினா வலிப்பு வருமா?"

"வரலாம்மா. கைக்குழந்தைன்னா உயிரே போகலாம். தடவிட்டீங்களா என்ன?"

"இவளுக்கு இல்ல"ன்னுச்சு அக்கா.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்ததும் அக்கா மடியில புள்ளையைப் போட்டு, "என் கொழந்தையக் காப்பாத்திக் குடுத்துட்டியேக்கா, இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் அக்கா அழுதுச்சு.

"எனக்கு யாரும் சொல்லலடி."