அளவு ஜாக்கெட்

நான் இன்றைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார மாட்டேன். அதற்கு என் மாமாதான் காரணம்.

அம்மாவின் தம்பியான அவர், கல்பாக்கம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். இரும்புத் துண்டுகளை மிஷினில் மாட்டி அறும்வரை இழுப்பார்களாம். துண்டுகளை எடுத்துக் கொடுப்பதும் அறுந்ததைப் பொறுக்கி வைப்பதும் அவர் வேலை. ஆனால் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த மிஷினைக் கண்டுபிடித்தவரே அவர்தான் போலப் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். "நேரா இழு பாக்கலாம்."

இழுத்தேன். துணி அசையவில்லை.

"இப்போ மூலைக்கு மூலை இழு."

அதே துணி நீண்டுகொண்டு வந்தது. நடுவில் ஒடுங்கியும் போனது.

"பாத்தியா? எந்தப் பக்கம் இழுத்தா எந்தப் பக்கம் எவ்ளோ நீண்டு குடுக்கும்னு சொல்ல ஒரு நம்பர் பத்தாது. சில கல்லுக்கு இருபத்தொரு நம்பர் வேணும்னு எங்க சார் சொல்றாரு."

தையல் மிஷினில் இருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "நான் ஜாக்கெட்டுக்குப் பதினோரு அளவு எடுக்கிறேன். உங்க சாரு இன்னா, கல்லுக்கு ஜாக்கெட்டா தைக்கிறாரு?"

என் கவலை வேறு. "மாமா, நம்ம வூட்டு செவுரும் குடுக்குமா?"

"நீ சாஞ்சா அதுவும் குடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. நீ எழுந்துட்டா பழையபடி வந்துடும்."

"வரலன்னா?"

"ரொம்ப இழுத்தாதான் வராது." எவ்வளவு இழுத்தால் 'ரொம்ப' என்று சொல்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போனாள். மிஷின் மேல் எதிர்வீட்டு அக்காவின் அளவு ஜாக்கெட் இருந்தது. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் எடுத்த பட்டுச் சேலையிலிருந்து ஜாக்கெட் துண்டை மட்டும் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். கூடவே உடம்புக்குச் சரியாக இருக்கும் இந்தப் பழைய காட்டன் ஜாக்கெட்டும் வந்திருந்தது. இதை டேப்பால் அளந்துதான் அம்மா பட்டை வெட்ட வேண்டும்.

ஒரு தோளையும் எதிர்ப்பக்க இடுப்பையும் பிடித்து இழுத்தேன். விட்டேன், திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், முக்கால்வாசி வந்தது. எங்கே வராமல் போகும் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே என்றுதான் மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தெரிந்துவிட்டது. ஜாக்கெட் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம். மடித்து வைத்துவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை அம்மா அந்த ஜாக்கெட்டை விரித்தாள். பார்த்தாள். என் விரல்களையும் பார்த்தாள். பிறகு தண்ணீர் தெளித்து, "இந்த முனையப் புடிச்சிக்கோ" என்றாள். ஆளுக்கொரு மூலையாக இழுத்தோம்.

"இன்னும். பயப்படாத, இழு."

அப்படியே இஸ்திரி போட்டாள். எனக்கு அது வழக்கமான இஸ்திரியாகத்தான் பட்டது. அம்மா அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு பட்டில் கத்தரியை வைத்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு வார்த்தை.

"பட்டு குடுக்குமாம்மா?"

"பட்டு எங்க குடுக்கும்? வெட்டுனா வெட்டுனதுதான்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தட்டு மாற்றினார்கள். சேலையை வாங்கிக்கொண்டு அக்கா உள் அறைக்குப் போனார். நான் கதவருகிலேயே நின்றேன். கொக்கி மாட்டவில்லை என்றால், கை தூக்கியதும் கிழிந்தால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அக்கா என்ன செய்வார், அதற்குப் பிறகு அம்மாவிடம் யார் துணி கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சேலை கட்ட எத்தினி நேரம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கதவு திறந்தது. ஜாக்கெட் அக்காவுக்கு உடம்போடு பிறந்தது போல இருந்தது. அம்மா பந்தி பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி தானாகவே பழையபடி வந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு இரண்டு ஜாங்கிரி தின்றேன்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நானும் மிஷினில் உட்கார்ந்தேன். இப்போது படூரில் அடுக்குமாடி வீட்டுப் பெண்களுக்குத் தைக்கிறேன். போன மாதம் ஓர் அளவு ஜாக்கெட் கோணலாக வந்தது. கொடியில் தாறுமாறாகத் தொங்கியிருக்கும். தண்ணீர் தெளித்து, கோணியதற்கு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போதுதான் கை நின்றது. ரொம்ப இழுத்த துணி தானாக வராது. யாராவது எதிர்ப்பக்கம் இழுத்துக் கொண்டுவர வேண்டும்.

அன்றைக்கு ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். சரியாகிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல், அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே இழுத்தேன்.