பின்கதவுக் கயிறு

நம் ஜீப்பின் பின்கதவில் கொண்டி இல்லாமல் கயிறு ஏன் கட்டியிருக்கிறது என்று நீங்கள் இருவரும் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது உங்களுக்கு விவரம் தெரிகிற வயது. எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போவது என் தொழில். வளைவில் கதவு திறந்து யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, எல்லாரும் ஏறியதும் வெளியிலிருந்து கொண்டியை மாட்டுவோம். கதவின் உள்கைப்பிடி உடைந்து பல வருடமாகியும் நான் மாற்றவில்லை. வெளியேதான் கொண்டி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் தேனி குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் அதிகாரி ஒருவர் கூப்பிட்டார். மலையில் ஏலக்காய் உலர்த்தும் இடத்தில், பின்னறையில் பூட்டிவைத்து வேலை வாங்கிய பதினாறு வயதுப் பெண்ணை மீட்டிருந்தார்கள். துணிக்கடை வேலை என்று சொல்லி வேறு ஜில்லாவிலிருந்து ஒருவன் கூட்டிவந்து விற்றிருக்கிறான். அவன் இன்னும் பிடிபடவில்லை. அவளைத் தேனியில் ஒரு காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஆபீஸ் வண்டி ரிப்பேர் என்று என் ஜீப்பைக் கேட்டார்.

கம்பத்தில் மேடமும் அந்தப் பெண்ணும் பின்னால் ஏறினார்கள். அவள் கையில் ஒரு பை கூட இல்லை. கைப்பழக்கத்தில் நான் கொண்டியை மாட்டினேன்.

அனுமந்தன்பட்டி வருவதற்குள் பின்னால் தட்டுகிற சத்தம். அவள் தலையைக் கதவில் மோதிக்கொண்டிருந்தாள். நிறுத்திக் கதவைத் திறந்ததும் குதித்து ஓடி, ரோட்டோரத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டியப் போட்டீகளாண்ணே?" என்றார் மேடம்.

"பழக்கம் மேடம்."

"நானும் கவனிக்கலையே. அந்தச் சத்தத்துலதான் பிள்ளை நடுங்கியிருக்கு."

அவள் எங்களைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் ஏற மாட்டேன். அந்த ரூமுலயும் இதே சத்தந்தான்."

மேடம் என்னிடம் தணிந்த குரலில், "இழுத்து ஏத்துனா அவனுக பண்ணதத்தான் நாமளும் பண்றோம். விட்டுட்டும் போக முடியாது. தேடுறவன் எங்கன நிக்கிறானோ" என்றார். வரப்பில் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. தோட்டக்காரர் வந்துவிட்டார். "ஏலே, வண்டியப் பிரிச்சு எடைக்குப் போடப் போறியா? அதுக்கு என் தோட்டந்தான் கெடச்சுச்சா?"

"கொண்டியக் கழட்டுறேன் மாமா."

"கூறுகெட்டவனே, கதவு நிக்காதுடா."

பிறகு அவளைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கழற்றிய கொண்டியை அவள் முன்னால் வைத்தேன். "வேற இருக்கா?" என்றாள்.

"இல்ல ஆத்தா. உள்பக்கமாக் கயிறு கட்டியிருக்கேன். நீயே கட்டிக்க, நீயே அவுத்துக்க."

வந்து, மூன்று முறை கட்டி அவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம் ஏறினாள். தேனி வரை மெதுவாகத்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால், கயிற்றின் நுனி அவள் கையில் சுற்றியிருந்தது.

காப்பகத்து வாசலில் நான் கதவின் பக்கம் போகவில்லை. அவளே அவிழ்த்து இறங்கினாள். பெரிய கேட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். "இதப் பூட்டுவாங்களா?"

"பூட்டுவாக. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மேடம். "சாவி எங்கன தொங்குதுன்னு மொதல்ல காட்டுறேன், வா."

காட்டிவிட்டு மேடம் திரும்பி வந்தபோது அவரிடம் ஒன்று சொன்னேன். உங்கள் அம்மாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு ஏஜெண்ட் மூன்று பெண்களை என் வண்டியில் ஏற்றினான். கடைசியாக ஏறியவள், "அண்ணே, எங்களத் திருப்பிக் கூப்பிட எப்ப வருவீங்க?" என்றாள். "ஏஜெண்ட்டக் கேளு" என்று சொல்லிக் கொண்டியை மாட்டினேன். மலையில் ஒரு தகரக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டேன்; திரும்பும்போது வண்டி காலி. அதன் பிறகு அவர்களை நான் பார்த்ததில்லை.

"எடத்தக் காட்டுவீகளா?" என்றார் மேடம்.

மறுநாளே போலீசோடு போனோம். தகரக் கொட்டகை அப்படியே நின்றது. வாசலில் புல் முளைத்திருந்தது. கதவுக்கு வெளியே, என் வண்டியில் இருந்ததைப் போலவே ஒரு கொண்டி. திறந்து பார்த்தோம். யாரும் இல்லை. மூன்று பேரையும் இன்னும் தேடுகிறார்கள். என்னைக் கூப்பிட்டு அவர்களுடைய அடையாளம் கேட்கும்போதெல்லாம், கடைசியாக ஏறியவளின் குரலை மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.