காட்டில் கண்ணில் படும் சட்டை

மலேசியாவின் கிள்ளான் நகரில் முகாம் சாமான் விற்கும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பே வராது. எதை விற்றாலும் அதன் ஜிப்பை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். அக்காவின் ஐந்து வயது மகளின் முதல் காட்டுப் பயணத்துக்குப் பரிசாக, இலை நிறத்தில் ஒரு ராணுவச் சட்டையை எடுத்து அவரிடம் ஆசையாக நீட்டினேன்.

"பிள்ளையக் காட்டுல ஒளிச்சு வைக்கப் போறியா?"

"அழகா இருக்கு லா, ஆன்டி."

"தொலைஞ்சா தேடுறவன் கண்ணுக்குத் தெரியுமா? படிச்சவன்தானே நீ!"

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது எரிந்தது. சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, கண் கூசும் ஆரஞ்சு மழைக்கோட்டு ஒன்றை என்மேல் எறிந்தார்.

"வேற கடை இருக்கு," என்றேன்.

"போ. பிள்ளை பேரு என்ன?"

சொன்னேன். மழைக்கோட்டின் காலருக்குள் பெயரை அத்தனை நிதானமாக எழுதினார். நிமிர்ந்ததும் மறுபடி முறைத்தார். அந்தக் கோபம் யார்மீது என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.