கோகிலாம்பாள் கல்யாணம் சொல்லப் போனாள்

என் மனைவி கோகிலாம்பாளுக்கு வண்டிப் பயணம் என்றால் அப்படி ஒரு ஆசை. அருப்புக்கோட்டையில் என் பருத்திவிதைக் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் குடும்பம் நடத்தினாளே தவிர, மனசெல்லாம் ரோட்டில்தான் இருக்கும். வண்டி ஊரைத் தாண்டிவிட்டால் எதிரே வருகிற உப்பு வண்டிக்காரனைக்கூட நிறுத்தி நலம் விசாரிப்பாள். அவள் வாய்க்கு நான் பயந்தவன். நான் மட்டுமா, வண்டி மாடுகளும்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், தை மாதம். எங்கள் இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ், எந்த ஊரில் உயிரை விடும் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் வெள்ளத்துரையின் வில்வண்டியைப் பேசிக்கொண்டு, வேண்டியவர்களுக்குக் கல்யாணம் சொல்லக் கிளம்பினோம்.

அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு வீடுதான். வீரசோழனில் மளிகைக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை ராமலட்சுமியின் வீடு. தாயில்லாத அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். ஆனால் மூத்த மகள் கல்யாணத்தின்போது, வேலை நெருக்கடியில், அந்தப் பக்கம் போகிற யாரிடமோ பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டாள். எங்களில் வாசலேறிக் குங்குமம் கொடுத்து, வாயால் 'வாங்க' என்று சொன்னால்தான் அழைப்பு. தங்கச்சிதானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று இவள் நினைத்தாள். தங்கச்சி என்பதால்தான் அவள் கோபித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கும் வரவில்லை, அதன்பிறகு பேச்சுவார்த்தையும் இல்லை. இந்தத் தடவையும் வராமல் போனால் அந்த உறவு அத்தோடு அறுந்தது.

அப்படியிருக்க முதலில் எங்கே போகவேண்டும்? இவளோ, "ரெட்டியபட்டிக்கு விடுங்க" என்றாள்.

ரெட்டியபட்டியில் என் சிநேகிதர் இருளப்பசாமி, பருத்தி விளைவிக்கிற சம்சாரி. அரிசி ரேஷனில் கிடந்த நாளில் நெல்லுச்சோற்றுக்கு எங்கே போவது? குதிரைவாலிச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார்கள். கல்யாணம் சொல்ல வந்தவர்கள் கை நனைக்காமல் போகக்கூடாதாம். மறுநாள் பரளச்சியில் அவளுடைய சித்தி முத்துப்பேச்சி வீட்டிலும் இன்னொரு கோழி. என் வயிறு கல்லாகிவிட்டது.

"ஏத்தா கோகிலா, தங்கச்சியப் பாத்தியா?" என்று கேட்டாள் சித்தி.

"போகணும் சித்தி" என்றவள், சட்டென்று சித்தி மருமகளின் காதுத்தோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை திருச்சுழியில் கோயிலுக்குப் போனாள். போனவள் ஒவ்வொரு சந்நிதியிலும் நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னும் என்னடி பாக்கி?"

"மாடு களைச்சிருக்குங்க."

"மாடு நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றான் வெள்ளத்துரை. அவனை ஒரு முறை முறைத்தாள். வண்டி வீரசோழனுக்குக் கிளம்பியது. எதிரே இரண்டு உப்பு வண்டி போனது. நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

ராமலட்சுமி கடைக்கு முன்னால் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். வா என்று சொல்லவில்லை.

"பரளச்சியில சித்தி வீட்டுல கோழி அடிச்சாகளாம்ல. நேத்தே சேதி வந்துருச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டுக் கடைசியாத்தான் எங்க வாசலு தெரிஞ்சுதாக்கும்?"

கோகிலாம்பாள் குங்குமச் சிமிழை நீட்டினாள். பிறகு சொன்னாள்: "பயமா இருந்துச்சுடி. நீ மொதல்லயே வரமாட்டேன்னு சொல்லிட்டா, மத்த வீட்டுப் படிய நான் எப்பிடி ஏறுவேன்?"

ராமலட்சுமி திரும்பி உள்ளே போனாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீரோடு வந்து அக்காள் கையில் கொடுத்தாள். தானே சிமிழைத் திறந்து குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமா, கல்யாணம் சொல்லக் கூட யாரு வந்தா?"

"ஒன் அத்தானும் வண்டிக்காரரும்தான்."

"ரெண்டு ஆம்பளைகளக் கூட்டிக்கிட்டா? கூடப்பெறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒத்தப் பொம்பளையாப் போய்ச் சொல்லிட்டு வந்துருக்க! அதெல்லாம் செல்லாது. வண்டியில ஏறு, திரும்பப் போவோம்."

"எல்லா வீட்டுக்குமா?" என்றேன் நான்.

"எல்லா வீட்டுக்குந்தான் அத்தான். வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

புருஷனிடம் சொல்லிவிட்டு, துணிமூட்டையோடு வண்டியில் ஏறி அக்காளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருச்சுழி போகிறவரை இருவரும் பேசிய பேச்சில் வெள்ளத்துரைக்கு மாட்டை அதட்டக்கூட இடம் கிடைக்கவில்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. இன்னும் இரண்டு கோழிக் குழம்பு காத்திருந்தால் என்ன, தின்றுவிட்டுப் போகிறேன்.

பரளச்சியில் வண்டி நிற்குமுன் ராமலட்சுமி குதித்து இறங்கிவிட்டாள். சித்தி வீட்டு வாசலேறி, சிமிழை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"சித்தி, எங்க வீட்டுக் கல்யாணம். வந்துரணும்."

பின்னால் நின்ற கோகிலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.