பெட்டியில் 3200, திரையில் 1333

போனை வைத்த தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு டிசைன் வரைய ஒரு கம்ப்யூட்டரைப் போன வாரம்தான் அசெம்பிள் செய்து கொடுத்திருந்தாள். கடை ஆரம்பித்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல ஆர்டர். பிடித்திருந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமும் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவரேதான், "மெமரி பெட்டியில வேகம் 3200னு போட்டிருக்கு, இலவச சாஃப்ட்வேர் ஒண்ணுல பார்த்தா 1333னுதான் காட்டுது. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டீங்களா? சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா எங்க பட்டறைக்காரங்க சங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுவேன்" என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மலைக்கோட்டைக் கடைல சீல் பிரிக்காம வாங்கினதுக்கு நானே சாட்சி. குடு போனை!"

"நீ பேசினா நாளைக்கு வர்ற ஆர்டரும் ஓடிடும். சும்மா இரு, அக்கா."

ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரும் அவள் கைவண்ணம்தான். அதே 3200 மெமரி. அவர் சொன்ன இலவச சாஃப்ட்வேரை அதில் இறக்கினோம். 1600 என்று காட்டியது. போச்சு, என்னுடையதும் டூப்ளிகேட்டா! கம்ப்யூட்டரிலேயே வேகம் காட்டும் டாஸ்க் மேனேஜரை அவள் திறந்தாள். 3200. ஒரே மெஷின், ஒரே நேரம், இரண்டு கணக்கு.

இரண்டு பேரும் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தோம். பதில் கிடைத்தபோது நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து பார்த்தார். மெமரிக்கு ஒரு துடிப்பு உண்டு. அது ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தகவல் போகிறது. அந்த சாஃப்ட்வேர் துடிப்பை எண்ணுகிறது. பெட்டியும் டாஸ்க் மேனேஜரும் தகவல் போகும் தடவைகளை எண்ணுகின்றன. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸை ஒருவர் ஒரு ட்ரிப் என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். பஸ் என்னவோ அதேதான்.

"மாட்டினாருடி மனுஷன்!" என்று குதித்தேன். அவள் குதிக்கவில்லை.

"1333ஐ ரெண்டால பெருக்குக்கா."

2666. 3200 வரவில்லை.

புது மெமரி முதலில் நிதானமான வேகத்தில்தான் ஓடும். பெட்டியில் போட்ட வேகம் வேண்டுமென்றால், பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஒரு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். எப்போதும் செய்துவிடுவாள். அன்றைக்குப் பட்டறையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக அவர் காத்துக்கொண்டு, "ராகு காலம் வரப்போகுதும்மா, சீக்கிரம் ஆன் பண்ணுங்க" என்று விரட்டியதில் அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாள். அப்புறம் கேசரி, போட்டோ. மறந்தேபோனாள்.

"ரெண்டு மடங்குக் கணக்கை மட்டும் சொல்லு, அடங்கிடுவாரு. செட்டிங்கை அப்புறம் சத்தமில்லாம போட்டுக்கலாம்" என்றேன்.

"அவர் சொன்ன நம்பர்தான் தப்பு. சந்தேகம் தப்பில்லையே" என்று வண்டிச் சாவியை எடுத்தாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை பஸ் கணக்கைச் சொன்னாள். அவர் முகம் தெளிகிற சமயத்தில், "ஆனா ரெண்டு மடங்காக்கினாலும் 2666தான் சார். மெமரி ஒரிஜினல். நான்தான் ஒரு செட்டிங் போடாம போயிட்டேன்" என்றாள். ராகு காலத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. சொல்ல வாயெடுத்த நானும் அடக்கிக்கொண்டேன்.

செட்டிங்கை மாற்றி ரீஸ்டார்ட் செய்தாள். திரை இருண்டு, வெகுநேரம் அப்படியே கிடந்தது. ஒருவழியாக வெளிச்சம் வந்தது. அவருடைய சாஃப்ட்வேரில் 1600. அவரே வாய்விட்டு இரண்டால் பெருக்கிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு போனை எடுத்து சங்க குரூப்பில் பேசிப் பதிவு செய்தார். "கம்ப்யூட்டர் வேணுங்கிறவங்க இந்தப் பொண்ணுகிட்ட வாங்குங்க. நமக்குத் தெரியாத தப்பையும் தானே வந்து சொல்லுது."

அதுவரை கல்லாக நின்ற தங்கை பொலபொலவென்று அழுதுவிட்டாள். மனிதர் பதறிப்போனார்.

"என்னம்மா, நல்லதாத்தானே சொன்னேன்?"