கிள்ளானில் கிடைத்த வீடு

தலைநகரின் நடுவே, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்த வீடு, கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில். கீழே இறங்கினால் பஸ், ரயில், மகளின் பள்ளிக்கூடம். நான் பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். என் கணவர் சுற்றுலா பஸ் ஓட்டுபவர்.

நோய்த்தொற்றில் நாடே அடைபட்டபோது அவருடைய பஸ்ஸும் நின்றது. வாடகையை முழுசாகக் கொடுக்க முடியவில்லை. பாக்கிக்காக எங்களை வெளியேற்ற முடியாதபடி அப்போது தற்காலிகமாக ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி, தமிழர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அந்த நாட்களில் அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்குகூடக் கொடுத்தனுப்பினார். அவரைப்போல் மனிதர் உண்டா என்று கிளினிக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரால் வேறெதுவும் செய்திருக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

எல்லைகள் திறந்தன. கணவர் மறுபடி பஸ் ஓட்டப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்கியைக் கட்டி முடித்தோம். இதற்கிடையில் அந்தச் சட்டம் காலாவதியாகியிருந்தது. எனக்கு அது தெரியாது. அங்கிளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லி வக்கீல் கடிதம் வந்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கியெல்லாம் தீர்த்துவிட்டோமே என்றேன்.

“பாக்கியப் பத்தி நான் பேசலைம்மா. வீட்டத் திருப்பி இவ்ளோ நாள் கேக்க முடியல, இப்ப கேக்குறேன். அவ்ளோதான்” என்றார்.

அந்த வீட்டைப் புதுப்பித்து, சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறார்களாம். மகன் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டானாம். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

வீடு தேட ஆரம்பித்தபோதுதான் எங்களைப்போல எத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒரு வீடு காலி என்று கேள்விப்பட்டுப் போனால் வாசலில் ஏற்கெனவே நான்கு குடும்பம் நிற்கும். போனில் முதல் கேள்வியே என்ன இனம் என்பதுதான், சொன்னதும் வைத்துவிடுவார்கள். அதுகூடப் பழகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீட்டுக்காரர் தமிழர் என்றதும் நம்பிக்கையோடு போனோம். “நம்ம ஆளுங்களுக்கு நான் கொடுக்குறதில்ல லா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று தமிழிலேயே சொல்லி கேட்டைச் சாத்தினார்.

கடைசி இரண்டு வாரம் இருக்கும்போது கிளினிக்கில் ஒருத்தி, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கிள்ளானில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தோம். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். காலையில் சந்தியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் ஒரு பெண், அவளுடைய இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரம்மா எங்களை வெளியே அழைத்து வந்து, இவர்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடிந்தால் இவர்களைப் போகச் சொல்லிவிடுவாராம். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடியும் என்று நான் சொன்னேன்.

சாமான்களோடு எங்கள் லோரி போய் நின்றபோது அவர்களுடைய லோரி இன்னும் வரவில்லை. கட்டில், பானைகள், பள்ளிப் பைகள் எல்லாம் போர்ட்டிக்கோவில் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் எங்கள் பீரோவை உள்ளே தூக்கினோம். அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள். எந்த சுவிட்சைத் தொடக்கூடாது, குளியலறைக் குழாயை எப்படித் திருகினால் சொட்டாது என்றெல்லாம் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்டாள்:

“அக்கா, நீங்க எவ்ளோ கொடுக்குறீங்க?”

“நீங்க குடுத்ததுதான்” என்றேன்.

“அப்போ எங்கள ஏன் போகச் சொன்னாங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பீரோ சுவரில் இடிக்கிறது பாருங்கள் என்று கணவரிடம் கத்திவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு அவர்களுடைய லோரி வந்தது. எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

இப்போது இருட்டு விலகுமுன் எழுந்து ரயிலேறி வேலைக்குப் போகிறேன். மகள் பள்ளி மாறியதில் ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வீட்டு ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். வீட்டுக்காரம்மா வரும்போதெல்லாம், இந்த வீட்டை நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். நாங்களும் சிரிக்கிறோம்.

அங்கிள்மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. உறவினர் யாராவது வந்தால் அந்தக் கதையை ஆரம்பிப்பேன். கிள்ளான்வரை வந்ததும் நிறுத்திவிடுவேன். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருப்பார்.