பக்கத்து வீட்டு உரமூட்டைகள்

எங்கள் ஊரான கரங்கானில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. அரசாங்க உர உதவிக்கு இருவருக்கும் ஒரே நாளில் மனு போட்டுக் கொடுத்தவள் நான்தான். அக்காவுக்குக் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

லாரியிலிருந்து அக்கா வீட்டில் மூட்டைகள் இறங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. அன்றே பெயர் போடாமல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது, அவர் மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பதே இல்லை என்று எழுதிய அத்தனையும் பொய்.

இரண்டு வாரம் கழித்து, பால் வாடை போகாத கையோடு அக்கா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அடுத்த தவணை உரத்தை நிறுத்தி, விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"எவனோ புகார் போட்டிருக்கான்மா. நல்லா படிச்சவன்தான் லா, மலாய் அவ்ளோ சுத்தமா இருக்குன்னு ஆபிஸ்லயே சொன்னாங்க."

"யாருன்னு கேக்கலியாக்கா?"

"கேட்டு என்னா பண்றது? எனக்கு மலாய்ல எழுத வராது. நீயே பதில் எழுதிக் குடு."

என் ஒவ்வொரு பொய்யையும் நானே மறுத்து எழுதினேன். உரம் மறுபடி வந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அக்காவைப் பார்த்து இன்றும் பொறாமைப்படுகிறேன். யாரென்று தேடாமலே இருக்க அவரால் முடிகிறதே!